அம்பாரியில் அமர்பவர் யார்?

நவராத்திரி என்றதும் மைசூரு தசரா நினைவுக்கு வரும். 1610-இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கி வைத்த விழா இது. விஜயதசமியன்று யானை சுமந்து வரும், பொற்தகடு போர்த்திய அம்பாரியின் எடை சுமார் 750 கிலோ. முற்காலத்தில் அதில் மன்னரே அமர்ந்து பவனி வந்தார். 1971-இல் மன்னர்களின் சிறப்புரிமைகள் நீக்கப்பட்டன. இன்று அதே அம்பாரியில் அன்னை சாமுண்டேஸ்வரி எழுந்தருளுகிறாள்.

நம் உள்ளமும் ஓர் அம்பாரியே. அங்கே 'நான்' என்னும் அகந்தை அரசனாக வீற்றிருக்கிறது. நாம் செய்யும் பூஜையும் தானமும் அவ்வரசனின் புகழுக்காகவே அணிவகுக்குமாயின், அவற்றால் பயன் என்ன? மகிஷன் அழிய வேண்டியது முதலில் நமக்குள்ளே அன்றோ! அகந்தையை இறக்கி அன்னையை அமர்த்துவோம். அந்நாளே நமக்கு விஜயதசமி.