வேலைக்கு முன்னே வரவு செலவுத் திட்டம்

திருநீர்மலைக் குன்றைச் சுற்றி ஒரு காலத்தில் நீர் சூழ்ந்திருந்ததென்றும், பெருமாளைத் தரிசிக்க வந்த திருமங்கையாழ்வார் அந்நீர் வடியும் வரை ஆறு மாதம் காத்திருந்தாரென்றும் தலவரலாறு கூறுகிறது. காத்திருப்பதற்கு மனவுறுதி வேண்டும். அதனோடு அன்றாட உணவுக்கு வழியும் வேண்டும். கையிருப்பு இல்லாதவர், எத்துணை உறுதி படைத்தவராயினும், கிடைத்ததை ஏற்றுக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்படுவார். வேலை தேடும் இளைஞருக்கும் இது பொருந்தும்.

இவ்வூர் கிராமமாக இருந்து, பேரூராட்சியாக வளர்ந்து, 2021-ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்தது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் ஏற்றுமதி வளாகம் அமைந்தது. குரோம்பேட்டையில் தோல் தொழில் வளர்ந்தது. ஆயினும் இச்சுற்று வட்டாரத்தில் பல வீடுகளில் மாதச் சம்பளம் என்பது இந்தத் தலைமுறையில்தான் முதன்முறையாக நுழைகிறது. உழவருக்கு அறுவடையில் பணம் வரும். அனகாபுத்தூர் நெசவாளருக்கு நெய்து முடித்த பின் கூலி வரும். கட்டட வேலை செய்வோருக்கு அன்றன்று வரும். முப்பது நாளைக்கும் ஒரே தொகையைப் பகிர்ந்து வாழும் பழக்கத்தைப் பெற்றோரிடமிருந்து கற்க இப்பிள்ளைகளுக்கு வாய்ப்பில்லை. ஆகவே அதைப் பாடமாகவே கற்பிக்க வேண்டியிருக்கிறது.

முதற்படி: சம்பளம் வேறு, கைக்கு வருவது வேறு

தொழிற்பயிற்சி முடித்து ஒரு தொழிற்சாலையில் சேரப்போகும் மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். அவளுக்கு மாதம் ரூ. 18,000 சம்பளம் என்றும், அதில் அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்து ரூ. 12,000 என்றும் கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு அந்த ரூ. 12,000-ல் 12 சதவிகிதம், அதாவது ரூ. 1,440 பிடிக்கப்படும். தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக்கு, 2019 ஜூலையில் நிர்ணயிக்கப்பட்ட விகிதப்படி, மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவிகிதம், அதாவது ரூ. 135 பிடிக்கப்படும். கைக்கு வருவது ரூ. 16,425.

பிடித்தம் என்றதும் மனம் சோரவேண்டியதில்லை. வைப்பு நிதிக்கு முதலாளியும் தம் பங்கைச் செலுத்துகிறார். ஈட்டுறுதியால் அவளுக்கும் அவளைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் மருத்துவ வசதி கிடைக்கிறது. எனினும் திட்டம் வகுக்கும்போது ரூ. 18,000 என்று எழுதாமல் ரூ. 16,425 என்றே எழுதவேண்டும். பலருடைய கணக்கு முதல் மாதத்திலேயே பிழைபடுவது இங்கேதான்.

இரண்டாம் படி: செலவைத் தலைப்பிட்டுப் பிரித்தல்

பெற்றோருடன் வாழும் அவள் தன் பணத்தை இவ்வாறு பிரிக்கலாம்:

வீட்டுச் செலவுக்குத் தன் பங்கு: ரூ. 6,500
தம்பியின் படிப்புக்கு: ரூ. 2,500
உடை, மருந்து, சோப்பு முதலியவை: ரூ. 1,200
ரயில், பஸ் கட்டணம்: ரூ. 800
கைப்பேசி: ரூ. 300
ஆண்டுச் செலவுக்காக ஒதுக்குவது: ரூ. 1,250
தொழிலில் மேற்பயிற்சிக்கு: ரூ. 500
கைச்செலவு: ரூ. 375
சேமிப்பு: ரூ. 3,000

மொத்தம் ரூ. 16,425. வரவும் செலவும் ஒத்து நிற்கின்றன.

இவற்றுள் ‘ஆண்டுச் செலவு’ என்னும் தலைப்பைப் பலர் மறந்துவிடுகின்றனர். பொங்கலும் தீபாவளியும் உறவினர் வீட்டுத் திருமணமும் மாதந்தோறும் வருவனவல்ல. ஆனால் ஆண்டுதோறும் தவறாமல் வருபவை. மாதம் ரூ. 1,250 ஒதுக்கினால் ஆண்டுக்கு ரூ. 15,000 சேரும். உள்ளாட்சி மன்றம் அரையாண்டுக்கொரு முறை விதிக்கும் தொழில் வரியும் இதிலிருந்தே செல்ல வேண்டும். அவ்வரி ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ. 2,500-க்கு மேற்படலாகாது என்று அரசியல் சட்டத்தின் 276-ஆம் பிரிவு வரம்பிட்டிருக்கிறது.

மூன்றாம் படி: முதலில் கையிருப்பு

2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது முடிச்சூர், வரதராஜபுரம், அனகாபுத்தூர் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அரிசி, பாய், புத்தகம், தையல் இயந்திரம் எல்லாம் நீரில் போன வீடுகளில், கையில் சிறிது பணம் இருந்தவர் விரைவில் நிமிர்ந்தனர். இல்லாதவர் வட்டிக்கு வாங்கினர். வெள்ளம் வடிந்தாலும் வட்டி வடிவதில்லை.

ஆகையால் மூன்று மாத இன்றியமையாச் செலவுக்குரிய தொகையை முதற்கண் சேர்க்கவேண்டும். நம் மாணவியின் பட்டியலில் முதல் ஐந்து தலைப்புகளையும் கூட்டினால் ரூ. 11,300 வருகிறது. மூன்று மாதத்துக்கு ரூ. 33,900. மாதம் ரூ. 3,000 சேமித்தால் பன்னிரண்டாம் மாதத்தில் இத்தொகை நிறைந்துவிடும். இதை எளிதில் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கிலேயே வைத்திருத்தல் நலம். அதன் பின் அதே ரூ. 3,000-த்தைத் தபால் நிலையத்தின் ஐந்தாண்டுத் தொடர் வைப்பில் கட்டி வந்தால், வட்டி நீங்கலாகவே ரூ. 1,80,000 சேரும்.

நான்காம் படி: தவணையைப் பகுத்தறிதல்

வேலை கிடைத்த மறுவாரமே மோட்டார் சைக்கிள் வாங்கும் ஆசை பிறப்பது இயல்பு. ரூ. 1,00,000 கடன், மூன்று ஆண்டுத் தவணை, ‘வட்டி 12 சதவிகிதம்தான்’ என்று கடைக்காரர் சொல்கிறார் என்போம். முழுத் தொகைக்கும் மூன்று ஆண்டுக்கும் வட்டி கணக்கிட்டால் ரூ. 36,000. ஆகத் திருப்பித் தரவேண்டியது ரூ. 1,36,000, மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 3,778.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முதல் நாள் அசலுக்கே கணக்கிடப்பட்டிருக்கிறது. குறைந்துவரும் அசலின் மீது கணக்கிட்டால், இக்கடனின் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 21 சதவிகிதம் ஆகிறது. 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து வழங்கப்படும் தனிநபர் கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களும் அடங்கிய ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத்தாளைத் தரவேண்டுமென ரிசர்வ் வங்கி விதித்தது. அத்தாளைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் கையெழுத்திடலாகாது.

இனிப் பட்டியலைப் பாருங்கள். சேமிப்பு, மேற்பயிற்சி, கைச்செலவு மூன்றும் சேர்ந்தே ரூ. 3,875. தவணை இம்மூன்றையும் விழுங்கிவிடுகிறது. அதற்கு மேல் பெட்ரோல் செலவு வந்தால் குறைவது எது? தம்பியின் படிப்பு. ஒரு வண்டிக்காக ஒரு பையனின் படிப்பு நிற்கலாமா என்னும் கேள்வியை, வாங்கிய பிறகல்ல, வாங்குமுன்னரே குடும்பத்தார் கூடிப் பேசவேண்டும். வண்டி வேண்டாமென்பதன்று கருத்து. கையிருப்பு நிறைந்த பின் வாங்கினால், கடனும் குறையும், கவலையும் குறையும்.

பயிற்சி

இதைப் படிக்கும் மாணவ மாணவியர் மூன்று காரியங்களைச் செய்து பார்க்கலாம். முதலாவது, தாம் விரும்பும் வேலையிலுள்ள ஒருவரைக் கண்டு, தொடக்கச் சம்பளத்தையும் பிடித்தங்களையும் கேட்டறிந்து, கைக்கு வரும் தொகையைக் கணக்கிடுக. இரண்டாவது, ஒரு மாதம் முழுவதும் வீட்டுச் செலவைத் தாயாருடன் அமர்ந்து நோட்டில் எழுதி வருக. தேநீருக்குக் கொடுத்த பத்து ரூபாயும் விடுபடலாகாது. மூன்றாவது, இரண்டையும் ஒப்பிட்டுத் தமக்கேற்ற பட்டியலை வகுத்துக்கொள்க. உதவித்தொகையோ பயிற்சிக்காலப் படியோ பெறுவோர் அதிலிருந்தே இப்பழக்கத்தைத் தொடங்கலாம். ரூ. 1,000-த்தைப் பகுக்கத் தெரிந்த கை, ரூ. 16,000-த்தையும் பகுக்கும்.

வருமானம் பெருகட்டும், பிறகு திட்டமிடலாம் என்பது ஏமாற்றம். மூன்று மாதக் கையிருப்பு உடையவர், நேர்மையற்ற வேலையை மறுக்கலாம். நல்ல பயிற்சிக்காகக் குறைந்த படியில் சில மாதம் பொறுக்கலாம். நோயுற்ற தாயின் அருகில் இருக்கலாம். நீர் வடியும் வரை காத்திருக்கும் வலிமை அவருக்கு உண்டு. அவ்வலிமையைத் தேடித் தருவது ஒரு நோட்டும், ஒரு பென்சிலும், மாதந்தோறும் தவறாத ஒரு மணி நேரமுமே.