அயலிடத்தில் உண்ணா நாய்

நாய் நன்றியுள்ள விலங்கு என்பதை நாம் எல்லோரும் தொடக்கப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆனால், அந்த நன்றியுள்ள விலங்கு தன் வீட்டை விட்டு வேறிடத்தில் தங்க நேர்ந்தால் சோற்றில் வாய் வைக்காமல் கிடப்பது ஏன், அப்போது நாம் செய்ய வேண்டியது யாது என்பதை எந்த வகுப்பிலும் நமக்குச் சொல்லித் தரவில்லை. அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மும்பைத் தமிழருக்கு இது தொலைவான செய்தி அன்று. கோடை விடுமுறை தொடங்கியதும் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்கள் திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் சேலத்துக்கும் புறப்படுகின்றன. வளர்க்கும் நாயை உடன் அழைத்துச் செல்வது எளிதன்று. இரயிலில் குளிர்சாதன முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் பதிவு செய்தாலன்றி நாயைத் தம்மோடு வைத்துக்கொள்ள இயலாது. இல்லையேல் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில்தான் ஏற்ற வேண்டும். ஆகவே பலர் நாயை அண்டை வீட்டிலோ, கட்டணக் காப்பகத்திலோ விட்டுச் செல்கின்றனர். தேர்வுக்காக ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட மாணவன் அகப்பட்டால், "தம்பி, பத்து நாள் பார்த்துக்கப்பா" என்று சங்கிலியை அவன் கையில் கொடுத்துவிட்டு வண்டி ஏறிவிடுவோரும் உண்டு!

அன்று மாலை நாய் உணவை மோந்து பார்க்கும். பிறகு கதவுப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்துக்கொள்ளும். இதற்கு நம்மவர் கூறும் காரணங்கள் இரண்டு. "பிடிவாதம், பசித்தால் தானே தின்னும்" என்பர் ஒரு சாரார். "பாவம், வளர்த்தவரை நினைத்துப் பட்டினி கிடக்கிறது" என்பர் மறு சாரார். முன்னவர் நாயைக் கவனியாது விடுவர். பின்னவர் மனமிரங்கிப் பிரியாணியும் பிஸ்கட்டும் வாங்கி வந்து அதன் முன்னே குவிப்பர். இவ்விரண்டும் பயன் தருவதில்லை. சில வேளைகளில் நாயின் உயிருக்கே தீங்காகவும் முடியும். ஏன் என்று பார்ப்போம்.

அஞ்சிய வயிறு

எக்ஸ் கதிர்கள் 1895-இல் கண்டுபிடிக்கப்பட்டன. அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கானன், அக்கதிர்களின் துணையால் உயிருள்ள விலங்கின் இரைப்பை அசைவதைக் காண முனைந்தார். பிஸ்மத் உப்புக் கலந்த உணவைப் பூனைகளுக்குக் கொடுத்தார். இரைப்பையில் அலை அலையாக எழும் அசைவுகள் நிழலுருவாகத் தெரிந்தன. ஆனால் பூனை அஞ்சினாலும் சினந்தாலும் அந்த அலைகள் உடனே நின்றன; அமைதியுற்றதும் மீண்டும் தொடங்கின. இம்முடிவுகளை அவர் 1898-இல் வெளியிட்டார். 1915-இல் இதை விரித்து நூலாகவும் எழுதினார்.

அச்சம் வந்தவுடன் உடல் ஓடவோ போராடவோ தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. குருதி வயிற்றை விட்டுத் தசைகளுக்குப் பாய்கிறது. வாய் உலர்கிறது. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனை வெளிவிடுகிறது. அது கார்ட்டிசால் சுரப்பைத் தூண்டுவதோடு, பசியையும் அடக்குகிறது. இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதையும் தாமதப்படுத்துகிறது. தேர்வு நாளன்று காலையில் விடுதி மெஸ்ஸில் இட்டலி நம் தொண்டையில் இறங்க மறுப்பதும் இவ்வகையே. ஆகவே அயலிடத்தில் உண்ணாத நாயைப் பிடிவாதம் பிடிப்பதாகக் கருதுவது தவறு. அதன் வயிறு அப்போது உணவை ஏற்கும் நிலையில் இல்லை.

லெனின்கிராடு வெள்ளம்

மணியோசை கேட்டதும் எச்சில் ஊறும் நாயைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். அந்த ஆய்வைச் செய்த உருசிய அறிஞர் இவான் பாவ்லாவ், செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு மிக நெருங்கியது.

1924 செப்டம்பர் 23-ஆம் நாள் லெனின்கிராடு நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது மும்பை பட்ட பாட்டை நினைவுகூர்ந்தால் அந்தக் காட்சி நமக்கு விளங்கும். நாய்க்கூடங்களுக்குள் நீர் புகுந்தது. பணியாளர்கள் புயலுக்கும் அலைக்கும் நடுவே நாய்களைச் சிறு சிறு கூட்டமாக நீந்தச் செய்து ஆய்வுக்கூடத்தின் மாடியில் சேர்த்தனர். வெள்ளம் வடிந்தபின் அவை தம் இடத்துக்குத் திரும்பின.

அவற்றுள் ஒரு நாய் ஸ்பெரான்ஸ்கி என்ற ஆய்வாளரின் பொறுப்பில் இருந்தது. உணவைக் கண்டால் ஆவலோடு உண்ணும் நாய் அது. வெள்ளத்துக்குப் பின் அதை ஆய்வறையில் நிறுத்தியபோது உணவைத் தொடவில்லை. தலையையும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. மூன்று நாள் இப்படியே சென்றது. அந்த ஆய்வு முறைப்படி நாய் உள்ளே தனித்திருக்கும்; ஆய்வாளர் வெளியே இருந்து கருவிகளை இயக்குவார். இம்முறை அவர் உள்ளே சென்று நாயின் அருகில் இருந்தார். நாய் உண்டது! அவர் வெளியேறியதும் மீண்டும் பழைய நிலை. அதன்பின் சில நாள் அவர் உடனிருந்தும், சில நாள் தனியே விட்டும், சில நாள் அவர் உடையின் ஒரு பகுதியை மட்டும் நாயின் கண்ணில் படாதபடி மறைத்து வைத்தும் சிறிது சிறிதாக அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தனர். நன்கு தேறிய பிறகுங்கூட, கதவின் அடியில் சிறிது நீரை ஒழுக விட்டபோது நாய் திரும்பவும் கலங்கிற்று.

எல்லா நாய்களும் இவ்வாறு பாதிக்கப்படவில்லை. எளிதில் ஒடுங்கும் இயல்புடையவையே மிகுதியும் துன்புற்றன. நம் பொறுப்பில் விடப்படும் நாய்களும் ஒரே தன்மையன அல்ல. ஒன்று முதல் நாளே தட்டைக் காலி செய்யும். ஒருவரையே அண்டி வாழும் இயல்புடையது எனப் பெயர் பெற்ற இராசபாளையம் நாய் போன்றது இரண்டு நாள் முகம் திருப்பிக் கிடக்கலாம்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாயை உண்ணச் செய்வதற்காகப் பாவ்லாவின் ஆய்வாளர்கள் உணவை மாற்றவில்லை. பழகிய ஆளை அருகில் வைத்தார்கள்; அவர் இல்லாதபோது அவருடைய மணத்தை வைத்தார்கள்.

மணத்தின் ஆற்றல்

மணத்தை அறியும் ஏற்பிகளுக்குரிய செயல்படும் மரபணுக்கள் மனிதனிடம் ஏறத்தாழ 400. நாயிடம் ஏறத்தாழ 800. அமெரிக்காவின் எமரி பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கிரகரி பெர்ன்சும் அவருடைய குழுவினரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. காந்த ஒத்ததிர்வுக் கருவிக்குள் அசையாது படுக்கப் பழக்கப்பட்ட 12 நாய்களுக்கு ஐவகை மணங்களைக் காட்டினர்: தன் மணம், பழகிய மனிதர், அயல் மனிதர், பழகிய நாய், அயல் நாய். மூளையில் இன்ப எதிர்பார்ப்போடு தொடர்புடைய பகுதி, பழகிய மனிதரின் மணத்துக்கே மிகுதியாகக் கிளர்ந்தது. அந்த மனிதர் கண்முன் இல்லாதபோதே இவ்வாறு நிகழ்ந்தது.

செய்ய வேண்டியவை

முதலாவது, நாயைப் பெற்றுக்கொள்ளும்போதே வீட்டார் உடுத்திய, துவைக்காத பழைய சட்டை அல்லது புடவைத் துண்டு ஒன்றையும், நாய் படுக்கும் சாக்கையும், அது உண்ணும் தட்டையும் கேட்டு வாங்குக. தட்டைத் தேய்த்துக் கழுவலாம். துணியையும் சாக்கையும் துவைக்க வேண்டா.

இரண்டாவது, அது வீட்டில் என்ன உண்டதோ அதையே, அதே நேரத்தில் வைக்க வேண்டும். இடம் புதிது, ஆள் புதிது, உணவும் புதிது என்றால் அதன் அச்சம் பெருகும்.

மூன்றாவது, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் தட்டை வைக்க வேண்டும். தாராவி வீடுகளில் தனி மூலை கிடைப்பது அரிது என்பதை நான் அறிவேன். கட்டிலின் அடியோ, மேசையின் அடியோ போதும். மூன்று பக்கம் மறைப்பு இருந்தால் நாய் பாதுகாப்பாக உணரும்.

நான்காவது, தட்டை வைத்துவிட்டு அருகிலேயே உங்கள் பாடப் புத்தகத்தோடு உட்காருங்கள். நாயை உற்றுப் பார்க்க வேண்டா, கெஞ்ச வேண்டா. 20 நிமிடம் கழித்து உண்ணாவிட்டால் பேசாமல் தட்டை எடுத்துவிட்டு, அடுத்த வேளை மீண்டும் வைக்கலாம். தண்ணீர் மட்டும் எந்நேரமும் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, உணவை வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். சூடு ஏறினால் மணம் எழும். இரண்டாம் நாளும் உண்ணத் தயங்கினால், உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழியையோ முட்டையையோ பழகிய உணவோடு சிறிது பிசைந்து வைக்கலாம்.

ஆறாவது, காலையும் மாலையும் ஒரே வழியில் நடக்க அழைத்துச் செல்லுங்கள். நடந்து, மோந்து, களைத்து வந்த நாய்க்கு அச்சம் தணியும். சங்கிலியை மட்டும் விட்டுவிடாதீர்கள். புதிய இடத்தில் தப்பி ஓடும் நாய் தன் வீட்டைத் தேடித்தான் ஓடும்.

செய்யத் தகாதவை

வாயைத் திறந்து உணவைத் திணிக்கக் கூடாது. அது மூச்சுக் குழாயில் இறங்கினால் நுரையீரல் கெடும். இன்னொரு கேடும் உண்டு. ஜான் கார்சியா என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1955-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். இனிப்பு நீரைக் குடித்த எலிகளுக்குக் கதிர்வீச்சால் உடல்நலம் கெட்டபோது, அவை பின்னர் அந்நீரையே வெறுத்தன. குமட்டலோடு இருக்கும் நாயின் வாயில் நாம் திணிக்கும் உணவையும் அது இவ்வாறு வெறுக்கக் கற்றுக்கொள்ளலாம். சோற்றுக்குள் மருந்தை மறைத்து வைப்பதும் இக்காரணத்தால் நன்றன்று.

இரக்கத்தால் நம் தட்டில் உள்ளதைக் கொடுப்பதும் தவறு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நம் சாம்பாரிலும் குழம்பிலும் இரண்டும் உண்டு. திராட்சையும் உலர்திராட்சையும் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடும். சாக்லேட்டு நஞ்சு. வெந்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். நமக்கான காய்ச்சல் மாத்திரையை ஒருபோதும் கொடுக்கலாகாது.

அச்சமா, நோயா?

"பசித்தால் தானே தின்னும்" என்ற சொல்லின் தீமை இங்கேதான் இருக்கிறது. உண்ணாமை நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். உண்ணி கடிப்பதால் வரும் காய்ச்சலும், குட்டிகளைத் தாக்கும் பார்வோ நோயும், மழைக்காலத்தில் எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சலும் உண்ணாமையோடு தொடங்கலாம். எலிக்காய்ச்சல் நாயிடமிருந்து மனிதனுக்கும் பற்றக் கூடியது. வெள்ளம் தேங்கும் தெருக்களில் வாழும் நமக்கு இது முக்கியம்.

நாயின் இயல்பான வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. 103-ஐத் தாண்டினால் காய்ச்சல் எனக் கருதலாம். ஈற்றை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு நிறம் திரும்ப வேண்டும். நலமாக உள்ள வளர்ந்த நாய் தண்ணீர் குடித்துக்கொண்டு, வாலையும் ஆட்டிக்கொண்டு ஒரு நாள் உண்ணாதிருந்தால் பொறுத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் கேட்க வேண்டும். இரண்டு நாளைத் தாண்டவே விடக் கூடாது. குட்டிக்கும் மிகச் சிறிய இன நாய்க்கும் அரை நாளே எல்லை. அவற்றின் குருதியில் சர்க்கரை விரைவில் குறைந்துவிடும். தண்ணீரையும் மறுத்தல், வாந்தி, குருதி கலந்த கழிச்சல், வெளுத்த அல்லது மஞ்சளான ஈறு ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்கலாகாது. வயிறு உப்பி, வாந்தி வராமலே குமட்டினால் அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நம் பகுதி மாணவருக்கு வழியும் எளிது. பரேலில் 1883-இல் தொடங்கப்பட்ட பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. 1886-இல் தோன்றிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும் பரேலிலேயே உள்ளது. சயானுக்குத் தெற்கே மாட்டுங்கா, அடுத்துத் தாதர், அதற்கடுத்துப் பரேல். நாயை வாங்கிக்கொள்ளும் நாளிலேயே மருத்துவமனையின் தொலைபேசி எண்ணையும் தடுப்பூசிச் சீட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவ நண்பர்களே! ஊரை விட்டு இந்நகருக்கு வந்த முதல் வாரத்தில் நம்மில் பலருக்கு விடுதிச் சோறு இறங்கவில்லை. நமக்காவது காரணம் தெரிந்திருந்தது. திரும்பிப் போகும் நாளும் தெரிந்திருந்தது. நாய்க்கு இரண்டும் தெரியாது. ஆகவே உங்கள் கையில் ஒரு சங்கிலி வந்து சேருமானால் ஒரு குறிப்பேட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குத் தண்ணீர் குடித்தது, எவ்வளவு உண்டது, மலசலம் எப்படி, வெப்பநிலை என்ன என்று ஆய்வுக்கூடத்தில் எழுதுவது போலவே நாள்தோறும் எழுதி வாருங்கள். மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால் அவர் முதலில் கேட்பவை இவையே. ஊரிலிருந்து திரும்பி வருவோரிடம் நாயை ஒப்படைக்கும்போது அக்குறிப்பேட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.