மந்திரவாதிகளுக்கும் அலுத்துப் போச்சு!

டீச்சர் இல்லாத நேரத்தில் பேசுறவங்க பேரைப் போர்டில் எழுதும் வேலையை எனக்கும் இன்னொரு பெண்ணுக்கும் சேர்த்துக் கொடுத்தாங்க. நான் ஒரு பேரை எழுதினேன். அவள் அழிச்சிட்டா. "அவ கணக்குல சந்தேகம்தானே கேட்டா?" என்றாள். நான் மறுபடியும் எழுதினேன். அவள் மறுபடியும் அழிச்சா. டீச்சர் உள்ளே வந்தப்ப வகுப்பில் சத்தம் போட்டுக்கிட்டு இருந்தது நாங்க ரெண்டு பேர் மட்டும்தான்! அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

இதை அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, கம்ப்யூட்டர் விளையாட்டில் நடந்த ஓர் உண்மைக் கதையைச் சொன்னார். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மட் என்றால் என்ன?

இப்போது போனில் பலர் சேர்ந்து விளையாடும் விளையாட்டுகளுக்கு ‘மட்’தான் பாட்டி மாதிரி. 1978-ல் இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா அதை எழுத ஆரம்பித்தார். பிறகு ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார். அதில் படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். "வடக்கே போ" என்று டைப் செய்தால் அடுத்த இடம் எப்படி இருக்கிறது என்று எழுத்தில் வரும். கூத்தில் வேஷம் கட்டுற மாதிரி நாம் வேறொரு ஆளாக மாறி மற்றவர்களோடு பேசலாம். அங்கே அதிக அதிகாரம் உள்ளவர்களுக்கு ‘மந்திரவாதி’ என்று பெயர்.

லாம்டாமூ வீடு

1990-ல் அமெரிக்காவில் பாவெல் கர்டிஸ் என்பவர் ‘லாம்டாமூ’ என்று இதே வகையில் ஓர் உலகத்தை உருவாக்கினார். தன் சொந்த வீட்டையே மாதிரியாக வைத்துக்கொண்டார். உள்ளே வருகிறவர் முதலில் கோட்டு மாட்டி வைக்கும் சின்ன அறைக்குள்தான் நிற்பார்!

அங்கே மந்திரவாதிகளுக்கு இரண்டு வேலைகள்.
1. கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடும்படி பார்த்துக்கொள்வது.
2. ஆட்களுக்குள் வரும் சண்டையைத் தீர்ப்பது.

முதல் வேலைகூடப் பரவாயில்லை. இரண்டாவதுதான் தலைவலி. ஒருத்தர் "அவன் என்னைத் திட்டினான்" என்பார். இன்னொருத்தர் "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்பார். எப்படித் தீர்ப்பு சொன்னாலும் ஒரு பக்கத்துக்குக் கோபம் வரும்.

அதனால் 1992 டிசம்பரில் கர்டிஸ் ஓர் அறிவிப்பு எழுதினார். இனிமேல் மந்திரவாதிகள் மெக்கானிக் வேலை மட்டும்தான் செய்வாங்க, பஞ்சாயத்து பண்ண மாட்டாங்க, மக்களே பேசித் தீர்த்துக்கணும் என்பதுதான் அதன் கருத்து.

அப்புறம் என்ன ஆச்சு?

சில மாதத்திலேயே, 1993-ல், ஒரு ஆள் வந்து மற்றவர்களை ரொம்பக் கேவலப்படுத்தி எழுதினான். அவர்களே அசிங்கமாக நடந்துகொள்வது போலவும் எழுதிக் காட்டினான். எல்லோரும் கூடிப் பேசினார்கள். அவனைத் ‘தேரை ஆக்கணும்’ என்றார்கள் சிலர். லாம்டாமூவில் அப்படிச் சொன்னால் ஆளையே நீக்கிவிடுவது என்று அர்த்தம். பேசிப் பேசியும் முடிவு வரவில்லை. கடைசியில் ஒரு மந்திரவாதி யாரையும் கேட்காமல் தனியாக அவனை நீக்கிவிட்டார்.

அப்போது வெளியூர் போயிருந்த கர்டிஸ் திரும்பி வந்து, மனு, ஓட்டு என்று ஒரு முறை கொண்டுவந்தார். போதுமான பேர் மனுவில் கையெழுத்துப் போட்டால் ஓட்டெடுப்பு நடக்கும். ‘வேண்டும்’ என்பது ‘வேண்டாம்’ என்பதைப் போல இரண்டு மடங்கு இருந்தால்தான் சட்டம். ஆனாலும் சண்டை குறையவில்லை. 1996-ல் மந்திரவாதிகள், "முடிவு எடுக்காமல் வேலை மட்டும் செய்வது எங்களால் முடியாது" என்ற கருத்தில் மறுபடியும் அறிவித்தார்கள்.

இதிலிருந்து நான் கற்றது

* "நான் முடிவு எடுக்க மாட்டேன்" என்று ஒதுங்குவதும் ஒரு முடிவுதான். அடிபட்டவங்க அடிபட்டபடியே இருப்பாங்க.
* தனியாகச் செய்தது நல்லதாகவே இருந்தாலும், கூட இருப்பவங்களுக்கு அது வருத்தமாகத்தான் இருக்கும்.
* பொறுப்பைப் பகிர்ந்தால் போதாது. எது தப்பு என்பதையும் சேர்ந்து முடிவு பண்ணணும், அதுவும் வேலையை ஆரம்பிக்கும் முன்னாடியே.

நானும் அவளும் சாக்பீஸை மட்டும்தான் பகிர்ந்துகொண்டோம். எது பேச்சு, எது பாடச் சந்தேகம் என்று ஒரு நாளும் பேசிக்கலை. இப்போ யோசிச்சா அவள் அழிச்சது சரிதான்னு தோணுது. ஆனா என்கிட்ட சொல்லிட்டு அழிச்சிருக்கலாம். நானும் கேட்டுட்டு எழுதியிருக்கலாம்.

இதைச் சுவரில் ஒட்டினால் அவளும் படிப்பாள். திங்கள்கிழமை மறுபடியும் நம்ம ரெண்டு பேர் முறைதான். மணி அடிக்கிறதுக்கு முன்னாடி வா, உட்கார்ந்து பேசுவோம்.

யோசித்துப் பாருங்கள்: உங்கள் வகுப்பில் இரண்டு லீடர்கள் இருந்தால், ஒருவர் எழுதிய பேரை இன்னொருவர் அழிக்கலாமா?



– ஒன்பதாம் வகுப்பு மாணவி