‘புட் அப்’ படுத்தும் பாடு

ஆங்கிலத்தில் நம்மைத் திணறவைப்பவை நீண்ட சொற்கள் அல்ல. நீண்ட சொல்லை அகராதியில் ஒருமுறை பார்த்துவிட்டால் அது அடங்கிவிடும். அடங்காதவை, சின்னஞ்சிறு சொற்கள் இரண்டு மூன்று கூடி நிற்கும் தொடர்களே. ‘புட்’ என்றால் வை. ‘அப்’ என்றால் மேலே. இவை பள்ளிச் சிறுவனுக்கும் தெரியும். ஆனால் ‘புட் அப்’ என்பதற்கு ‘மேலே வை’ என்று பொருள் கொண்டு புறப்பட்டால், இரண்டடி நடப்பதற்குள் இடறி விழ நேரும்.

இவ்விடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. 1755-இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே டாக்டர் ஜான்சன் இதைக் குறித்திருக்கிறார். வினைச்சொல்லின் பின்னே ஒரு சிறுசொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இவ்வழக்கம் அயல்மொழியாளர்க்குப் பெருந்தொல்லை என்பது அவர் கருத்து. இத்தகைய தொடர்களை ஆங்கில இலக்கணத்தார் ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்பர். நாம் ‘தொடர்வினை’ என்று வைத்துக்கொள்வோம்.

இத்தொடர்வினையைக் கண்டு தமிழ் மாணவர் மலைக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஏனெனில் இதே வேலையைச் செய்யும் சொல் ஒன்று நம் வீட்டிலேயே இருக்கிறது. ‘போடு’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். பந்தல் போடுகிறோம், தொழிலுக்கு முதல் போடுகிறோம், சண்டை போடுகிறோம், ஊறுகாய் போடுகிறோம். இந்நான்கையும் ‘புட் அப்’ என்ற ஒரே தொடரால் சொல்லலாம். கொட்டகை எழுப்புவதும், பணம் முதலீடு செய்வதும், எதிர்த்துப் போராடுவதும், பழங்களையும் காய்களையும் கெடாமல் பதப்படுத்தி வைப்பதும் ‘புட் அப்’ தான். இவற்றுள் கடைசிப் பொருள் அமெரிக்கரிடம் மிகுதி. ‘போடு’ என்றதும் எதைப் போடுவது என்று பார்த்துத்தானே நாம் பொருள் கொள்கிறோம்? ஆங்கிலத்திலும் அவ்வாறே பார்க்க வேண்டும்.

அடுத்து வரும் பெயர்ச்சொல்லே பொருளைத் தீர்மானிக்கிறது. கையை என்றால் உயர்த்துதல். குடையை என்றால் விரித்தல். அறிவிப்பை என்றால் பலகையில் ஒட்டுதல். வாடகையை என்றால் ஏற்றுதல். வேட்பாளரை என்றால் தேர்தலில் நிறுத்துதல். விருந்தினரை என்றால் தங்கவைத்தல். வாளை என்றால்? உயர்த்துதல் என்று எண்ணுவீர்கள். அன்று, உறையில் இடுதல். ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தின் முதற் காட்சியில், தெருச்சண்டையை விலக்க வரும் பென்வோலியோ இப்பொருளில்தான் இச்சொல்லை ஆள்கிறான். அவன் வாளை ஓங்கச் சொல்கிறான் என்று கொண்டால் காட்சியே தலைகீழாகிவிடும்.

பின்னால் இன்னுமொரு சிறுசொல் ஒட்டினால் நிலைமை மேலும் மாறும். ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்ளுதல். சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவிற்கு வெளியூர்ப் பேச்சாளர் ஒருவரை அழைத்தோம். கடிதம் எழுதும் பொறுப்பை ஏற்ற தம்பி ஒருவர், ‘இரண்டு நாள் தங்களைத் தங்கவைப்போம்’ என்பதற்கு, ‘வி ஷல் புட் அப் வித் யூ ஃபார் டூ டேஸ்’ என்று எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். ‘இரண்டு நாள் உங்களைச் சகித்துக்கொள்வோம்’ என்றல்லவா அதற்குப் பொருள்! அந்த ‘வித்’தை நீக்கி, ‘வி ஷல் புட் யூ அப்’ என்று மாற்றிய பிறகே கடிதம் தபாலுக்குச் சென்றது. ஒரு சிறுசொல், உபசாரத்தை அவமதிப்பாக்கிவிடும்.

‘வித்’ இருந்த இடத்தில் ‘டு’ வந்து, நடுவே ஓர் ஆளின் பெயரும் வந்தால், அவரைத் தகாத செயலுக்குத் தூண்டிவிடுதல் என்று பொருள். இங்கும் தமிழைக் கவனியுங்கள். பொறுத்துக் ‘கொள்’, தூண்டி ‘விடு’ என்று நாமும் வினைக்குப் பின்னே துணை ஒன்றைச் சேர்த்தே பேசுகிறோம்.

இனி, நம் நாட்டில் வழங்கும் இரு வழக்குகள். ‘வேர் ஆர் யூ புட்டிங் அப்?’ என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். நிலையாகக் குடியிருப்பவரையும் கேட்கிறார்கள். ஆங்கிலேயர் காதில் அது சில நாள் தங்கலை மட்டுமே குறிக்கும். மேற்படிப்புக்கு அயல்நாடு செல்வோர் அங்கே ‘லிவிங்’ என்று கேட்பதே தெளிவு. மற்றொன்று அலுவலக வழக்கு. உதவித்தொகை பற்றி விசாரிக்கும்போது, உங்கள் விண்ணப்பம் ‘புட் அப்’ செய்யப்பட்டது என்று எழுத்தர் சொன்னால், காரியம் முடிந்தது என்று மகிழ்ந்து திரும்பிவிடாதீர்கள். கோப்பு அதிகாரியின் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. ஆணை பிறந்ததா என்று கேட்க மீண்டும் போகத்தான் வேண்டும்.

இலக்கணக் குறிப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘புட் அப் தி நோட்டீஸ்’ என்றாலும் ‘புட் தி நோட்டீஸ் அப்’ என்றாலும் சரியே. பெயருக்குப் பதிலாக ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் நிற்க வேண்டும்: ‘புட் இட் அப்’. ‘புட் அப் இட்’ என்பது பிழை. ஆனால் ‘புட் அப் வித்’ என்பதைப் பிரிக்கக் கூடாது. அங்கே ‘இட்’ கடைசியில்தான் வரும். இறந்த காலத்திலும் ‘புட்’ என்பது ‘புட்’ தான். ‘புட்டட்’ என்று ஒன்று இல்லை.

எனவே, நண்பர்களே, தொடர்வினைகளைப் பட்டியலிட்டு உருப்போடுவதை விட்டுவிடுங்கள். படிக்கும் நூலில் ஒன்று எதிர்ப்பட்டால், அதை அடுத்து வரும் பெயரோடும் ஒட்டி வரும் சிறுசொல்லோடும் சேர்த்து, முழு வாக்கியமாகக் குறிப்பேட்டில் எழுதுங்கள். எதிரே, அதே இடத்தில் உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்பதையும் எழுதுங்கள். ‘மேக் அப்’, ‘டேக் ஆஃப்’, ‘டர்ன் அப்’ என்ற மூன்றையும் இம்முறையில் ஆராய்ந்து, எழுதியதைச் சங்க அறைக்குக் கொண்டுவாருங்கள். ஒருவர் குறிப்பை மற்றவர் திருத்திக் கற்கலாம்.