கேஸைத் தவிர எல்லாம் கதைக்கலாம்

ரொறன்ரோவில் ஒரு தமிழ்க் குடும்பம் அகதிக் கோரிக்கையோடு வந்திறங்கினால், அந்தக் கிழமை முடியுமுன் யாராவது அவர்களை ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவார்கள். பிறகு மெத்தை வரும், குளிர் உடுப்பு வரும், பள்ளிக்கூடத்துக்கு எந்த பஸ் என்று சொல்ல ஆள் வரும். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்த காலத்தில் இதே வேலையைத் தொலைபேசியில் செய்தார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. தொலைபேசியில் சொன்னது காற்றோடு போனது. வட்ஸ்அப்பில் சொன்னது இருநூறு பேரின் கைகளில் தங்கிவிடுகிறது. நல்ல மனதோடு நடக்கும் குழுக்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஏழு வருடமாக ஒரு குழுவுக்கு அட்மினாக இருந்து, விழுந்ததைக் கண்டபிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் குழுவை இரண்டாகப் பிரியுங்கள். பெரிய குழுவில் கட்டில், குக்கர், வேலைத் தகவல், வின்ரர் சப்பாத்து. அதில் எத்தனை பேர் இருந்தாலும் பரவாயில்லை. வந்த குடும்பத்துக்கென்று தனியாக நாலைந்து பேர் கொண்ட சின்னக் குழு ஒன்று வேண்டும்: கார் வைத்திருக்கும் ஒருவர், ஆங்கிலப் படிவம் வாசிக்கத் தெரிந்த ஒருவர், பிள்ளை பார்க்கக்கூடிய ஒருவர், கட்டாயம் ஒரு பெண். குடும்பத்தின் விலாசமும் தொலைபேசி எண்ணும் அவர்கள் சம்மதமில்லாமல் அந்தச் சின்னக் குழுவைத் தாண்டக்கூடாது. பெரிய குழுவில் சேர்த்த அந்த நிமிடமே எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால், சேர்க்குமுன் அவர்களிடம் கேளுங்கள். குழுவின் இணைப்பை முகநூலில் போடாதீர்கள். புதிதாக வருபவரை அட்மின் அனுமதித்தால்தான் உள்ளே விடும் வசதி செட்டிங்கில் இருக்கிறது, அதைப் போட்டுவையுங்கள்.

வந்த அன்றைக்கு நான்கே கேள்விதான். எத்தனை பேர்? பிள்ளைகளுக்கு என்ன வயது? இன்றிரவு எங்கே படுக்கிறீர்கள்? கையில் தந்த கடதாசிகளில் என்னென்ன திகதி போட்டிருக்கிறது? ஏன் வந்தீர்கள், எப்படி வந்தீர்கள், ஏஜென்ஸிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஒருவரும் கேட்க வேண்டாம். அன்பாகக் கேட்டாலும் வேண்டாம்.

இனி கேஸ், அதாவது அகதிக் கோரிக்கை. இதற்குத்தான் நான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் குழுவுக்கு ஒரு தங்கச்சி வந்தார். உதவி கேட்பதென்றால் முழுக் கதையும் சொல்ல வேண்டும் என்று நினைத்து, நடந்ததையெல்லாம் ஒரு நீண்ட வொய்ஸாகப் பெரிய குழுவில் போட்டார். யாரோ உருகிப்போய் அதை வேறொரு குழுவுக்கு அனுப்பினார். அடுத்த நாள் விடியப் பார்த்தால் ஊரிலிருந்து அவருடைய மாமி எடுக்கிறார்: “என்ன பிள்ளை, எங்கட வீட்டுக்கதையை எல்லாருக்கும் சொல்லிப்போட்டாய், இஞ்ச நாங்கள் இருக்கிறேல்லையோ?” ஒரே இரவில் அந்தக் குரல் கடல் கடந்து திரும்பிப் போயிருந்தது. ஆபத்திலிருந்து ஓடிவந்தவரின் ஆபத்தை, உதவி செய்யத் தொடங்கிய குழுவே அவர் வீட்டு வாசலுக்கு அனுப்பியது. அன்று நான் அட்மின். அந்த வொய்ஸ் வந்த உடனே அழித்திருக்க வேண்டும்.

இன்னொன்று இதைவிடப் பொதுவாக நடப்பது. கோரிக்கையின் காரணத்தைச் சொல்லும் பி.ஓ.சி. படிவத்தில் என்ன எழுதுவது என்று ஒருவர் கேட்டதும், பத்துப் பேர் பத்துப் புத்தி சொல்வார்கள். “அக்கா, இந்தியாவில இருந்த வருசத்தை எழுதாதேங்கோ, கேஸ் உடைஞ்சு போயிடும்.” சொன்னவர் கெட்டவர் இல்லை. தன்னுடைய கேஸ் வென்றதால் தனக்குச் சட்டம் தெரியும் என்று நம்புகிறவர். அந்த அக்கா எழுதவில்லை. விசாரணையில் அந்த வருடங்களைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். ஐ.ஆர்.பி. என்று நாங்கள் சொல்லும் குடிவரவு, அகதிகள் சபை பார்ப்பது முதலில் உங்கள் பேச்சை நம்பலாமா என்பதை. படிவத்தில் இல்லாதது வாயில் வந்தாலும், வாயில் வருவது படிவத்தோடு ஒத்துப்போகாவிட்டாலும், உண்மையான கதைகூடப் பொய் போலத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரரின் வென்ற கதையைப் பார்த்து எழுதுவதும் அப்படித்தான். அந்தச் சபையில் இருப்பவர்கள் எங்கள் ஊர்க் கதைகளை வருடக்கணக்காகக் கேட்டு வருகிறவர்கள்.

ஆகவே எங்கள் குழுவில் ஒரே சட்டம்: கேஸ் பற்றி ஒரு வரியும் இல்லை. கேட்பவருக்கு, “அதை லோயரிடம் மட்டும் கதையுங்கோ, லோயர் இல்லாவிட்டால் எனக்குத் தனியாக எழுதுங்கோ” என்று அட்மின் பதில் போடுவார். புத்தி சொல்பவருக்கு ஒரு தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை வெளியே. கடுமைதான். வயதில் மூத்த அண்ணர் ஒருவரையே நீக்கியிருக்கிறேன்.

கேஸை எழுதாமல் குழு எவ்வளவோ செய்யலாம். லோயர் பிடிப்பது முதல் வேலை. காசில்லாதவர்கள் லீகல் எய்ட் ஒன்ராறியோவுக்கு விண்ணப்பிக்கலாம், அகதிக் கேஸுக்கு அங்கே வழி இருக்கிறது. சின்னக் குழுவில் ஒருவர் பக்கத்தில் இருந்து தொலைபேசி எடுத்துக் கொடுங்கள். யாராவது “நான் குறைவாகச் செய்து தாறன்” என்று வந்தால், பெயரையும் உரிம எண்ணையும் கேளுங்கள். சட்டத்தரணி என்றால் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். குடிவரவு ஆலோசகர் என்றால் ‘கல்லூரி’ என்ற பெயரில் இயங்கும் அவர்களுடைய ஒழுங்குமுறை அமைப்பின் பொதுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இரண்டும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. காசு வாங்கிக்கொண்டு, படிவத்தில் தன் பெயரைப் பிரதிநிதியாகப் போட மறுப்பவரிடமிருந்து அப்படியே எழுந்து வாருங்கள். உரிமம் இல்லாமல் காசுக்கு ஆலோசனை சொல்வது கனடாவில் குற்றம்.

கையெழுத்துப் போடுமுன் படிவத்தை முழுவதும் தமிழில் திருப்பி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கூச்சத்தில் அவசரப்படாதீர்கள், கிட்டத்தட்ட எல்லோரும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். திகதி ஒன்று பிழைத்திருக்கும், அண்ணன் தம்பியாகியிருப்பார். யாழ்ப்பாணத்துப் பேச்சு புரியாத மொழிபெயர்ப்பாளர் என்றால் அப்போதே சொல்லுங்கள். எந்தப் பேச்சு வழக்கு வேண்டும் என்று எழுதப் படிவத்திலேயே இடம் இருக்கிறது. ஊரிலிருந்து வரும் தமிழ், சிங்களக் கடதாசிகளை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மாற்ற வேண்டும், மாற்றியவரின் உறுதிமொழியும் கூட வைக்க வேண்டும். அவை விசாரணைக்குப் பத்து நாள் முன்னராவது சபையின் கையில் இருக்க வேண்டும். ஊரில் தபால் இழுபடும், ஆனபடியால் வந்த முதல் மாதமே கேட்கத் தொடங்குங்கள். அந்தக் கடதாசிகளின் படங்களையும் குழுவில் போட வேண்டாம்.

அடுத்தது விலாசம். புதிதாக வந்தவர்கள் முதல் வருடத்தில் மூன்று வீடு மாறுவார்கள். ஒவ்வொரு தடவையும் சபைக்கு ஒரு அறிவிப்பு, குடிவரவுத் துறைக்கோ எல்லைச் சேவை முகமைக்கோ தனியாக இன்னொன்று, லோயருக்கு மூன்றாவது. ஒன்றிடம் சொன்னால் மற்றதற்குத் தெரியும் என்று நினைக்கிறார்கள். தெரியாது. கடிதம் பழைய பேஸ்மென்டுக்குப் போய், ஆள் விசாரணைக்கு வராமல் விட்டால், கோரிக்கை கைவிடப்பட்டதாகத் தீர்ப்பாகலாம். அப்படித் தீர்ந்தால் கனடாவில் மறுபடி கோரிக்கை வைக்க முடியாது. சாமான் ஏற்ற வான் கேட்டு யாராவது குழுவில் எழுதினால், எங்கள் முதல் பதில் “விலாசம் மாத்தியாச்சா?” என்பதுதான். வான் பிறகு வரும்.

வீடு பார்க்காமல் காசு அனுப்பாதீர்கள். ஸ்காபரோவில் எங்கள் ஆள் ஒருவராவது நேரில் போய் நின்று பார்க்க முடியாத வீடே இல்லை. ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையையும் முன்பணமாகக் கேட்கலாம். சேதத்துக்கென்று தனியாக வைப்புப் பணம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் வீட்டுக்காரருடன் குசினியையோ குளியலறையையோ பகிர்ந்து இருந்தால் அந்த வாடகைச் சட்டம் உங்களைப் பாதுகாக்காது. ஆகவே தனிக் குசினி உள்ள பேஸ்மென்டையே தேடுங்கள், மாதம் கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை.

மிச்சமெல்லாம் லேசு. பிள்ளைகளை உடனே பள்ளியில் சேருங்கள், குடிவரவு நிலையைக் காட்டி ஒன்ராறியோவில் மறுக்க முடியாது. பன்னிரண்டு வயதுவரை ரொறன்ரோ பஸ்ஸில் காசில்லை. அகதிக் கோரிக்கையாளருக்கான இடைக்கால மருத்துவத் திட்டத்தின் கீழ் வைத்தியம் கிடைக்கும், ஆனால் எல்லா வைத்தியரும் அதில் பதியவில்லை, போகுமுன் எடுத்துக் கேளுங்கள். தங்குமிடமோ உணவு வங்கியோ தேவையென்றால் 211 அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். பழைய குளிர் அங்கி கொடுக்கலாம், பழைய மெத்தை ஒருநாளும் கொடுக்கக்கூடாது. மூட்டைப்பூச்சி ஒரு குடும்பத்தை இரண்டாந்தரம் அகதியாக்கிவிடும். எல்லோரும் பத்துப் பத்து டொலர் போட்டுப் புதிதாக வாங்கிக் கொடுங்கள்.

குழு நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றிரவே உங்கள் குழுவைத் திறந்து, கேஸ் கடதாசிப் படமோ கதை சொல்லும் வொய்ஸோ இருக்கிறதா என்று மேலே தள்ளிப் பாருங்கள். அண்மையில் வந்ததென்றால் அட்மினே எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்கலாம். சில நாள் கடந்தால் அந்த வசதி போய்விடும், ஆளுக்காள் தனியாகக் கெஞ்சித்தான் அழிப்பிக்க வேண்டும். கெஞ்சுங்கள்.