ஓரறை இல்லம்

ஜப்பான் நாட்டின் தலைநகராகிய டோக்கியோவில் நிலத்தின் விலை மிக உயர்ந்தது. ஆதலின், ஓரறையே இல்லமாக வாழ்வோர் அங்குப் பலர். கட்டடக் கலைஞர் குரோகாவா கிஷோ வகுத்த நகாகின் மாடம் 1972ஆம் ஆண்டில் அந்நகரில் எழுந்தது. அதில் 140 அறைகள் இருந்தன. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 10 சதுர மீட்டர் பரப்பினது. கட்டிலும் மேசையும் குளியலறையும் அதனுள்ளேயே அடங்கின. வட்டமான சாளரம் ஒன்று ஒளி தந்தது.

தொலைவில் அகன்ற மனை இருந்தும், பணியிடத்தருகே தமக்கென ஓர் அறையை விரும்பியோர்க்கு அஃது ஏற்றதாயிற்று. இடம் குறைந்தது, ஆயினும், நெடும்பயணத்தில் வீணாகும் பொழுது எஞ்சியது, தனிமையும் வாய்த்தது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கொருமுறை பழைய அறைகளைக் கழற்றிப் புதியன பொருத்தவேண்டும் என்பது குரோகாவாவின் திட்டம். அஃது ஒருமுறையேனும் நிறைவேறவில்லை. நாளடைவில் பழுதுற்ற அம்மாடம் 2022இல் இடிக்கப்பட்டது. சிறுமையால் இல்லம் கெடுவதில்லை, பேணாமையால் கெடும்.