வீட்டுக்கு ஒரு கொப்பி

அன்புள்ள தங்கச்சி,

ஏ.ஏ.ரி. கணக்கியல் படிப்பு முடித்து, மன்னார் டவுனில் ஓர் அறை எடுத்துக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டீர் என்று அறிந்து சந்தோசம். வருகிறவர்களில் பாதிப்பேர் ஒன்றிரண்டு வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் என்றும், “வாடகையில் காற்பங்கு எப்படியும் கழிபடும், பிறகு ஏன் பில் சேர்க்க வேண்டும்?” என்று கேட்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர். இதே கேள்விக்கு ஒருகாலம் நான் பிழையான பதில் சொன்னவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காற்பங்கு கழிபடுவது உண்மை. திருத்தவேலை, பராமரிப்பு, தேய்மானம் எல்லாவற்றுக்குமாக வாடகை வருமானத்தில் 25 வீதத்தைக் கழிக்க 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இடம் தருகிறது. அதற்குப் பில் காட்டத் தேவையில்லை. மன்னார்த் தீவின் உப்புக்காற்று தின்ற யன்னல் கம்பியை மாற்றிய செலவு, மழைக்கு முன் ஓடு மாற்றிய கூலி, பெயின்ற் எல்லாம் அந்த 25க்குள் அடங்கிவிடும்.

ஆனால் வீட்டைத் திருத்துவது வேறு, வீட்டைப் பெருப்பிப்பது வேறு. புதிதாக எடுத்த அறை, மலசலகூடம், கட்டிய மதில் இவை வீட்டின் அடக்கவிலையோடு சேருபவை. நாளைக்கு அந்த வீட்டை விற்கும்போது மூலதன ஆதாய வரி வரும். விற்ற விலையில் இருந்து அடக்கவிலையைக் கழித்துத்தான் இலாபம் பார்ப்பார்கள். அன்றைக்கு அந்தப் பில்லுகள் வேண்டும்.

பேசாலைப் பக்கம் ஒருவர் வாடகை வீட்டின் பின்பக்கம் ஓர் அறையும் குளியலறையும் எடுத்தார். “பில் தேவைப்படாது ஐயா, 25 வீதத்துக்குள் போய்விடும்” என்றேன். சில வருடம் கழித்து வீட்டை விற்றபோதுதான் என் பிழை எனக்கு உறைத்தது. அவர் நல்ல மனிதர், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சீலைப்பைக்குள் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தார். மேசையில் கொட்டினோம். ஹாட்வெயார் கடை மெசினில் அடித்த பில்லுகள் வெயில் சூட்டில் எழுத்து மங்கி வெள்ளைக் கடதாசியாகக் கிடந்தன. மேசனார் நீலப் பேனையால் கொப்பித்தாளில் எழுதிக் கையெழுத்து வைத்த கூலிக்கணக்கு மட்டும் தெளிவாக இருந்தது. சீமெந்து, கம்பி, தளஓடு ஒன்றுக்கும் ஆதாரம் இல்லை. தன் காசைப் போட்டுக் கட்டிய அறைக்கே அவர் இலாபம் என்று வரி கட்டினார். அவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அது இன்னும் என்னை வருத்துகிறது.

ஆகவே ஆளுக்கு ஒரு கொப்பி வைக்காதீர், வீட்டுக்கு ஒரு கொப்பி வையும். முதல் பக்கத்தில் உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், உறுதி யாருடைய பெயரில், வாங்கிய விலை, கட்டிய முத்திரைத் தீர்வை. பழைய வீடென்றால் இன்னொரு வரி: 2017 செப்டம்பர் 30 அன்று அதன் சந்தைப் பெறுமதி. அன்று கையில் இருந்த சொத்துக்கு அந்தப் பெறுமதியே அடக்கவிலை. விற்கும் கிழமையில் ஓடித்திரியாமல் இப்போதே ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் வாங்கச் சொல்லும். பிறகு இரண்டு பகுதி, திருத்தம் ஒன்று, சேர்ப்பு ஒன்று. பில் வந்த அன்றே போனில் படம் எடுத்துவிடும்.

“உறுதி யார் பெயரில்” என்பதை முதலில் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்பட்டிருக்கும். வாடகை வாங்குவது புருசன், கொப்பியில் பெயரும் அவருடையது. ஆனால் வருமானம் உறுதிக்காரியினுடையது. மகள் கனடாவில், வாடகை தாயின் கையில் என்றாலும் அப்படித்தான்.

ஒரு ரீச்சரை எடுத்துக்கொள்ளும். சம்பளம் மாதம் 90,000, அவர் பெயரில் இரண்டு வீடு, மாத வாடகை ஒவ்வொன்றும் 45,000. வருட வாடகை 10,80,000. காற்பங்கு போக 8,10,000. சம்பளம் 10,80,000. தனித்தனியே பார்த்தால் இரண்டும் 2025 ஏப்ரலில் இருந்து உள்ள 18 இலட்சம் தனிநபர் நிவாரணத்துக்குள். சேர்த்தால் 18,90,000. மிஞ்சும் 90,000க்கு 6 வீதம், 5,400 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனால் “எனக்கு வரி இல்லை” என்று பல வருடம் இருந்துவிட்டால் தண்டமும் வட்டியும் சேர்ந்து வரும். நவம்பர் 30க்கு முன் விபரத்திரட்டைக் கொடுக்க வையும்.

நிறுவனங்களுக்கு வீடு கொடுத்திருப்பவர்களிடம் மாத வாடகை ஒரு இலட்சத்தைத் தாண்டுகிறதா என்று பாரும். தாண்டினால் 10 வீதம் நிறுத்திவைத்தல் வரி பிடித்துத்தான் காசு வரும். சான்றிதழை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் கட்டிய வரி கட்டாததாகிவிடும். திருப்பிக் கொடுக்கவேண்டிய அட்வான்ஸை வாடகைப் பக்கத்தில் எழுதாதீர். ஒற்றிக்கு வாங்கிய காசும் கடன்தான், அதற்குத் தனிப்பக்கம்.

சோலைவரிப் பற்றுச்சீட்டுகளைக் கொப்பியின் பின்னட்டையில் வருட ஒழுங்கில் ஒட்டும். 1990 ஒக்ரோபரில் உடுத்த உடையோடு வெளியேற்றப்பட்ட எருக்கலம்பிட்டி, தாராபுரம் முஸ்லிம் குடும்பங்களையும், யுத்தத்தில் ஊர் ஊராக அலைந்தவர்களையும் நீர் அறிவீர். திரும்பி வந்தபோது பலரிடம் உறுதி இல்லை, சிலருடைய காணியில் வேறு ஆட்கள் இருந்தார்கள். இடம்பெயர்ந்திருந்த காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்காமல் விட 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. பற்றுச்சீட்டு உறுதிக்கு ஈடாகாது. ஆனாலும் இந்தக் காணியை இன்னார் ஆண்டார் என்று வழக்கில் சொல்ல அதுவும் ஒரு சாட்சி. உறுதியின் பிரதியையும் காணிப் பதிவகத்தில் எடுத்துச் சேர்த்து வையும். கொப்பியின் படங்கள் தீவுக்கு வெளியே இருக்கும் பிள்ளை ஒருவரிடமும் இருக்கட்டும்.

அடுத்த கிழமை வரப்போவதாக நீர் எழுதிய பள்ளிமுனை அம்மா மகளுக்கு வீடு எழுதமுன், பின்பக்க அறையைக் கட்டி முடிக்கப் பார்க்கிறா அல்லவா? மேசனாருக்கு முதல் கூலி கொடுக்கும் நாளிலேயே அவவுக்கு ஒரு கொப்பியும் ஒரு நீலப் பேனையும் வாங்கிக் கொடும்.

அன்புடன்,
அண்ணன்